'கச்சேரி சாலைக் குடும்பம்' குழு: தாத்தாவின் நோட்டீஸ் பெட்டி

மாலதி: அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்டில் சென்னை வாரத்தையொட்டி, எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் பழைய நாடக நோட்டீஸ்களைப் பற்றிப் பேசவிருக்கிறேன். தாத்தாவின் தகரப் பெட்டி ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். அது யாரிடம் இருக்கிறது?

அயனாவரம் அத்தை: அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கிறது. திறக்கும்போது அம்மாவின் வெள்ளி வெற்றிலைப் பெட்டி அகப்பட்டால் எனக்கும் தெரிவிக்கவும்.

பெரியப்பா: அந்தப் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம். மாலதி, தருவதில் எனக்குத் தடையில்லை. ஆனால் பழந்தாளைப் பார்க்க யார் வருவார்கள்?

மாலதி: விளம்பரப் பலகை எழுதிய கோட்டையூர் ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் எல்லாம் சேர்த்தார். அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியும் நாட்டைவிட்டு எடுத்துச் செல்லாததால்தான், 1994-இல் அவர் பெயரில் தொடங்கிய நூலகம் இன்று தரமணியில் இருக்கிறது. அங்கே பார்த்து ஆய்வாளர்களான நாங்கள் எழுதும் கட்டுரைகளையோ எங்களைப் போன்றவர்களே படிக்கிறோம். தெருவில் போகிறவர் கையில் கொடுத்த நோட்டீஸைப் பற்றித் தெருக்காரர்களிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவது?

அயனாவரம் அத்தை: சென்ற முறை நீ கல்லூரியில் பேசியபோது, முதல் வரிசையில் உட்கார்ந்தும் எனக்கு ஒரு வரி விளங்கவில்லை.

தாம்பரம் சித்தி: போண்டா நன்றாக இருந்தது.

மாலதி: இம்முறை தமிழில்தான் அத்தை.

கார்த்திக்: பெட்டியை இறக்கிவிட்டேன், வெற்றிலைப் பெட்டி கண்ணில் படவில்லை. ஒரு பச்சைத் தாளில் சோபா, நாற்காலி, பெஞ்சு, தரை என்று நான்கு கட்டணங்கள் உள்ளன. பின்பக்கத்தில் பாட்டி பென்சிலால் சலவைக் கணக்கு எழுதியிருக்கிறார்: வேட்டி 4, ரவிக்கை 6, தலையணை உறை 2.

பெரியப்பா: பின்பக்கத்தைக் காட்ட வேண்டாம். நம் வீட்டு அழுக்குத்துணிக் கணக்கை ஊரார் படிக்க வேண்டியதில்லை.

மாலதி: கட்டாயம் காட்ட வேண்டியது அதுதான் பெரியப்பா. முன்பக்கத்தின் இன்னொரு பிரதி வேறு எங்காவது கிடைத்துவிடலாம். நாடகம் முடிந்த பின் அந்தத் தாள் ஒரு வீட்டுக்குள் எப்படிப் புழங்கியது என்பது பாட்டியின் கையெழுத்தில் மட்டுமே இருக்கிறது.

தாம்பரம் சித்தி: மாமனார் பாடும் நாடகப் பாட்டு எனக்கு முழுவதும் தெரியும். இடையில் நான் பாடட்டுமா?

பெரியப்பா: உன்னிடம் மைக்கைக் கொடுத்தால் இரவு பத்தானாலும் கூட்டம் கலையாது.

கார்த்திக்: பேச்சு முடிந்ததும் பெட்டி தரமணிக்கா, பரணுக்கா?

பெரியப்பா: தம்பியையும் கேட்க வேண்டும். பின்பக்க விஷயத்தையும் ஞாயிறன்று நேரில் பேசிக்கொள்வோம்.

மாலதி: அழைப்பிதழ் இன்றிரவே அச்சுக்குப் போகிறது பெரியப்பா. அதில் இரண்டு பக்கங்களின் படமும் இருக்கிறது.