பழைய ஆயில் பெயிண்டை எரிச்சு சுரண்டலாமா? ஈயத்துக்கு நம்ம ஊர்ல சட்டம் இருக்கா?

மஞ்சக்குப்பத்தான்:
கடலூர் மஞ்சக்குப்பத்துல தாத்தா கட்டின வீடு, 1970-கள்ல கட்டினது. நிலைக்கதவு, ஜன்னல் கம்பி, மாடிப்படி கிரில் எல்லாத்துலயும் ஆயில் பெயிண்ட் அடுக்கடுக்கா ஏறிக் கெடக்கு, மேல பச்சை, உரிஞ்ச எடத்துல மஞ்சள், அதுக்கும் கீழ ஏதோ செவப்பு. தை பொறந்ததும் தங்கச்சி பிரசவத்துக்கு வர்றா, கூடவே மூத்தவன், ஒன்றரை வயசு, கையில கெடச்சதெல்லாம் வாய்க்குத்தான் போகும். பெயிண்டர் ப்ளோ லேம்ப் (தீயை ஊதி அடிக்கற விளக்கு) வெச்சு எரிச்சு சுரண்டிட்டா மரம் பளிச்சுனு வந்துரும்ங்கறாரு, மச்சான் போன்ல அதுல ஈயம் இருக்கும் கை வெக்காதீங்கன்னு கத்துறாரு. கடையில கேட்டா "இப்ப எல்லாமே லெட் ஃப்ரீ சார்", அதாவது ஈயமே இல்லையாம், அவ்ளோதான் பதில். சட்டம்னு ஒண்ணு இருக்கா? இருந்தா புது பெயிண்டுக்கு மட்டுமா, இல்ல பழசுக்கும் சேத்தா?

சிப்காட் கெமிஸ்ட்:
மச்சான் பேச்சைக் கேளுங்க, ப்ளோ லேம்ப் வேண்டவே வேண்டாம்.

சட்டம் இருக்கு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 நவம்பர்ல வீட்டு பெயிண்டுக்குன்னு விதி போட்டாங்க, 2017 நவம்பர்ல இருந்து அமல். ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக்கூடாது, அதாவது ஒரு கிலோ பெயிண்டுல 90 மில்லிகிராம். டப்பா மேல ஈயம் 90 பிபிஎம்-க்கு மிகாதுன்னு அச்சடிச்சே ஆகணும், அதனால கடைக்காரர் வாய்வார்த்தைய விட்டுட்டு டப்பாவைத் திருப்பிப் பாருங்க. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துக்கு கீழ வந்த விதிங்கறதால கடலூர், புதுச்சேரி ரெண்டுக்கும் ஒண்ணுதான், டீசல் விலை மாதிரி பார்டர் தாண்டினா மாறாது 😀

ஆனா ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு, இது வீட்டு பெயிண்டுக்கும் அலங்கார பெயிண்டுக்கும் மட்டும்தான், இண்டஸ்ட்ரியல் பெயிண்ட் இதுல வராது. கிரில்லுக்கு நல்லா உழைக்கும்னு அந்த டப்பாவை தூக்கிக் குடுத்தா வாங்காதீங்க, அதுலயும் மஞ்சள், ஆரஞ்சு, செவப்பு எனாமல்னா கூடுதல் உஷார், அந்த கலருக்கு லெட் குரோமேட்ங்கற ஈயம் கலந்த பொடி போடறது பழைய வழக்கம். இன்னொண்ணு, விதி விக்கிற பொருளுக்குத்தான், உங்க கதவுல ஏற்கனவே ஒட்டிக்கிட்டு இருக்கறதை யாரும் கேக்க மாட்டாங்க. உங்களுக்கு ஆபத்தே அங்கதான். அந்தக் காலத்து ஆயில் பெயிண்டுல கலருக்கும் ஈயம், சீக்கிரம் காயறதுக்கும் ஈயம். எரிச்சா புகையா போகும், காய்ஞ்ச உப்புத்தாள் போட்டா தூசியா தரையில உக்காரும், பையன் தவழ்ந்து அதை கையில எடுத்து வாயில வெப்பான். தங்கச்சிக்கு ரத்தத்துல ஏறினா வயித்துல இருக்கற குழந்தைக்கும் போகும். இவ்ளோ வரைக்கும் பரவால்லன்னு சொல்ற அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

வைசியாள் வீதி:
எங்க பெரியப்பா குடும்பம் பிரான்ஸ்ல செட்டில், சொல்தா குடும்பம்தான், அதாவது பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க குடும்பம். அங்க 1949 ஜனவரி 1-க்கு முன்னாடி கட்டின வீட்டை விக்கணும்னாலும் வாடகைக்கு விடணும்னாலும் பெயிண்டுல ஈயம் இருக்கான்னு ஆள் வெச்சு சோதிச்சு ரிப்போர்ட்டை கையில குடுக்கணுமாம். இங்க புதுச்சேரியில அதைவிட பழைய வீடு தெருவுக்கு தெரு இருக்கு, ஹோம்ஸ்டேவா மாத்துறோம்னு தெனம் ஒரு கதவை நடுரோட்ல வெச்சு சொரசொரன்னு தேய்க்கறாங்க, அந்த தூசி பக்கத்து வீட்டு திண்ணை வரைக்கும் வருது. பத்திரம் பதியறப்ப வில்லங்கம் பாக்கறோம், பெயிண்டை யாரு பாக்கறா.

பிரஷ் வாத்தியார்:
நான் இந்த தொழில்ல இருக்கறவன், கோவிச்சுக்காதீங்க, ப்ளோ லேம்ப் ஏன் எடுக்கறாங்கன்னா சீக்கிரம் முடியும், பார்ட்டியும் அதுக்குத்தான் காசு குடுக்கறாங்க, மெதுவா பண்ற வேலைக்கு யாரும் கூலி குடுக்கறதில்ல. சார் கேட்டதுக்கு என் பதில், எல்லாத்தையும் சுரண்டணும்னு யாரு சொன்னா? கெட்டியா புடிச்சிருக்கற பெயிண்டை அப்படியே விடுங்க, தண்ணி தொட்டு வாட்டர் பேப்பர்ல லேசா தேய்ச்சு துடைச்சு பிரைமர் அடிச்சு மேல புது கோட்டு போட்டா அடியில இருக்கறது அடியிலயே கெடக்கும். உரிஞ்ச எடம் மட்டும் ஈரத்தோட சுரண்டணும். கதவு நிலையில உரசற ஓரம்தான் தொல்லை, தொறந்து மூடறப்பல்லாம் உதிரும், அந்த கதவை கழட்டி வெளிய கொண்டுபோய் தார்பாய் விரிச்சு பண்ணுங்க. உதிர்ந்ததை சாக்குல கட்டுங்க, தோட்டத்துல கொட்டாதீங்க. வெளக்கமாறு போடாம ஈரத்துணியில துடைங்க. கூலி கொஞ்சம் கூட கேப்பாங்க, குடுங்க.

சிப்காட் கெமிஸ்ட்:
வாத்தியார் சொன்னதுக்கு மேல ஒண்ணே ஒண்ணுதான். கர்சீப் கட்டினா பத்தாது, என்95 மாஸ்க்காவது போடணும். வேலை செய்யறவங்க போட்ட துணியோட வீட்டுக்குப் போய் புள்ளைய தூக்கக்கூடாது, இது உங்க பெயிண்டரோட புள்ளைக்கும்தான். தங்கச்சி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே முடிச்சிருங்க.

தேவனாம்பட்டினத்துப் பொண்ணு:
குறுக்க வர்றதுக்கு மன்னிச்சுக்கோங்கண்ணா. எங்க பக்கம் வலைக்கு கட்ற ஈயக்குண்டை வீட்டு பின்கட்டுலயே உருக்கி ஊத்துவாங்க, பசங்க சுத்தி நின்னு வேடிக்கை பாக்குங்க. அதுக்கெல்லாம் சட்டம் உண்டா? இன்னொண்ணு, பழைய பிவிசி பைப்புலயும் ஈயம்னு படிச்சேன், தண்ணிய கொதிக்க வெச்சா போயிருமா?

சிப்காட் கெமிஸ்ட்:
தங்கச்சி, வீட்ல உருக்கறதை பெயிண்ட் விதி தொடாது. இங்கிலாந்துல 1987-லயே சின்ன சைஸ் ஈயக்குண்டுக்கு தடை போட்டாங்க, அதுவும் மனுஷனுக்காக இல்ல, தூண்டில்காரங்க விட்டுட்டுப் போற குண்டை முழுங்கி அன்னப்பறவைங்க சாகுதுன்னு. சமைக்கற பாத்திரத்துல உருக்கவே கூடாது, பசங்களையும் வயித்துப் புள்ளக்காரங்களையும் அந்தப் பக்கமே விடாதீங்க, புகை கண்ணுக்குத் தெரியலேன்னாலும் பின்கட்டு மண்ணுல எல்லாம் படிஞ்சிருக்கும்.

பைப்புக்கு தனி விதி, 2021-ல வந்துச்சு. பிவிசியை சூடுபண்ணி இழுக்கறப்ப கெட்டுப்போகாம இருக்க ஈய உப்பு சேப்பாங்க, அதை நிறுத்தச் சொன்னதுதான் அந்த விதி, இப்ப கால்சியம் ஜிங்க் போட்டு செய்யறாங்க. குடிதண்ணிக்கான இந்திய தர அளவு ஐஎஸ் 10500 படி லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் வரைக்கும்தான் ஈயம் இருக்கலாம். கொதிக்க வெச்சா போகாது, தண்ணி சுண்டச் சுண்ட மிச்சத் தண்ணியில ஈயம் இன்னும் அடர்த்தியாகும். ராத்திரி முழுக்க பைப்புல நின்ன தண்ணிய காலையில கொஞ்சம் திறந்து விட்டுட்டு அப்புறம் குடிக்கப் புடிங்க.

மஞ்சக்குப்பத்தான்:
எல்லாருக்கும் நன்றி. பெயிண்டர்கிட்ட பேசிட்டேன், லேம்ப் இல்லாம தண்ணி போட்டு பண்றேன்னு ஒத்துக்கிட்டாரு, கூலியும் ஏத்திட்டாரு. கிரில்லுக்கு வாங்கி வெச்சிருந்த மஞ்சள் டப்பாவை திருப்பிப் பாத்தேன், 90 பிபிஎம்னு ஒரு எழுத்து இல்ல. நாளைக்கு கடைக்குப் போறேன்.