இசட்மோடத்தில் இறக்கும்போது மட்டும் சிஆர்சி பிழை. நடுவே 'நோ கேரியர்'

கேள்வி:
486 கணினி, டாஸ், காம்1-இல் வெளி மோடம். டயல் செய்தால் 'கனெக்ட் 115200' என்று வருகிறது. திரையில் எழுத்து சுத்தமாகத்தான் ஓடுகிறது. இசட்மோடம் (கோப்பு அனுப்பும் நெறிமுறை) வழியே கோப்பு இறக்கினால் சிஆர்சி பிழை (வந்த தரவு கெட்டிருப்பதைக் காட்டும் சோதனை) வரிசையாக விழுகிறது. ஏற்றும்போது ஒன்றுமில்லை. அவ்வப்போது 'நோ கேரியர்' என்று வந்து இணைப்பே அறுந்துவிடுகிறது. லைன் கோளாறா, மோடம் கோளாறா?

பதில் 1:
இரண்டும் வேறு வேறு நோய். சிஆர்சியை முதலில் பாருங்கள். அந்த 115200 கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம், தொலைபேசிக் கம்பியின் வேகம் அல்ல. கம்பியில் வி.42 பிழைதிருத்தம் ஓடினால் அங்கே கெட்ட பைட் மறுபடி அனுப்பப்பட்டுவிடும். எனவே சந்தேகம் சீரியல் போர்ட் (காம்1) மேல்தான்.

எம்எஸ்டி (மைக்ரோசாஃப்ட்டின் கணினிச் சோதனை நிரல்) ஓட்டி 'யுஏஆர்டி' (சீரியல் போர்ட்டின் சிப்) வரியைப் பாருங்கள். 8250 என்று இருந்தால் (16450-ஐயும் அப்படித்தான் காட்டும்) பெறும் பக்கம் ஒரே பைட்டுக்குத்தான் இடம். 115200-இல் 87 மைக்ரோ நொடிக்கு ஒரு பைட் வரும். டிஸ்க் எழுதும்போது இன்டரப்ட் (பைட்டை எடுக்கச் சொல்லி சிப் தரும் அழைப்பு) கொஞ்சம் தாமதித்தாலும் வந்தது அழிந்துபோகும். 16550ஏ என்றால் 16 பைட் ஃபிஃபோ (வந்ததை வரிசையாகத் தேக்கும் இடம்) உண்டு. டெர்மினல் மென்பொருளில் அதை இயக்கியிருக்கிறீர்களா பாருங்கள்.

வரத்தை நிறுத்தித் தொடர (ஃப்ளோ கன்ட்ரோல்) கேபிள் கம்பி வழியான ஆர்டிஎஸ்/சிடிஎஸ் கட்டாயம், தரவோடு குறி அனுப்பும் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் வேண்டாம். அதற்கான மோடம் கட்டளை: யுஎஸ் ரோபாட்டிக்ஸ் என்றால் ஏடி&எஃப்1, ராக்வெல் சிப் என்றால் ஏடி&எஃப்&கே3, பிறகு சேமிக்க ஏடி&டபிள்யூ. மூன்று கம்பிக் கேபிள் என்றால் இதெல்லாம் வீண்: 9 முனைப் பக்கம் 7, 8, 25 முனைப் பக்கம் 4, 5 இணைந்திருக்க வேண்டும். ஆனால் 'நிறுத்து' என்று ஆர்டிஎஸ்ஸை இறக்குவதும் கணினியின் டெர்மினல் மென்பொருள்தான். இன்டரப்ட் அடைபட்ட நேரத்தில் அதனாலும் காப்பாற்ற முடியாது.

பதில் 2:
அறுந்துபோவது லைன் பக்கம். யுஎஸ் ரோபாட்டிக்ஸ் என்றால் அறுந்த உடனே, அடுத்த அழைப்புக்கு முன், ஏடிஐ6 கொடுங்கள். துண்டிப்புக் காரணமும் ரீட்ரெய்ன் (லைனுக்கு ஏற்ப மோடம்கள் தம்மை மறுபடி சரிசெய்வது) எண்ணிக்கையும் வரும். ரீட்ரெய்ன் அதிகம் என்றால் லைனில் இரைச்சல். அதே இணைப்பில் உள்ள மற்ற தொலைபேசிகளையும் நீளமான தட்டைக் கம்பியையும் கழற்றிவிட்டு நேரே சுவர்ப் பெட்டியில் மாட்டிப் பாருங்கள். தேறாவிட்டால் &என்14 போட்டு லைன் வேகத்தை 28800-இல் நிறுத்துங்கள்; 33600-இல் தள்ளாடுவதைவிட மொத்தத்தில் அதுவே சீக்கிரம் முடியும்.

கால் வெயிட்டிங் இருந்தால் அதன் 'பீப்' போதும், கேரியர் (மோடம்களுக்கு இடையிலான தொடர் ஒலி) போய்விடும். டயல் செய்யுமுன் அதை அணைக்கும் எண்ணைச் சேருங்கள் (அமெரிக்காவில் *70, அதன்பின் ஒரு காற்புள்ளி). முடியாவிட்டால் மோடத்தில் எஸ்10=50 வையுங்கள்: கேரியர் போனாலும் ஐந்து நொடி பொறுக்கும்.

கேட்டவர்:
எம்எஸ்டி 8250 என்கிறது. போர்ட் வேகத்தை 19200 வைத்தேன், சிஆர்சி பிழை நின்றது. ஆனால் மெதுவாக இருக்கிறதே?

பதில் 1:
இருக்கத்தான் செய்யும். பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட் சேர்த்துப் பத்து பிட், ஆக நொடிக்கு 1920 பைட்தான். 38400 வைத்தால் 3840. ஜிப் கோப்புகளுக்கு 33600 லைனில் கிடைப்பதற்கு ஏறக்குறைய அவ்வளவுதான். மோடத்தின் வி.42பிஸ் சுருக்கத்தால் வேகம் கூடுவது எழுத்துக் கோப்பு போல ஏற்கெனவே சுருக்காதவற்றுக்கே. 38400-இலும் பிழை எட்டிப்பார்த்தால் ஸ்மார்ட்டிரைவ் (டாஸின் டிஸ்க் கேஷ்) டிஸ்க்கில் தாமதித்து எழுதுவதை நிறுத்துங்கள், இல்லையேல் 16550 கார்டு ஒன்று போடுங்கள்.