கடல்நீர்க் குழாயில் 90–10 செம்பு–நிக்கல்: அடிப்பாகத்தில் மட்டும் குழிகள் விழுவது ஏன்?

குளிர்நீர் கேட்கிறார்:

குளிர்விப்பு அமைப்பில் கடல்நீர் ஓடும் பழைய பித்தளைக் குழாய்களில் துத்தநாகம் கரைந்து வெளியேறி, சுவர்கள் நொய்ந்துபோனதால், அவற்றை நீக்கிவிட்டு 90–10 செம்பு–நிக்கல் (90 விழுக்காடு செம்பு, 10 விழுக்காடு நிக்கல்) குழாய்களைப் பொருத்தினோம். ஓராண்டு முடிவதற்குள் சில இடங்களில் குழிகள் தென்படுகின்றன. உலோகத்தைச் சோதித்ததில் நிக்கல் 10 விழுக்காட்டை ஒட்டியும், இரும்பு 1.5 விழுக்காட்டை ஒட்டியும், மாங்கனீசு ஒரு விழுக்காட்டுக்குள்ளும் இருப்பது உறுதியானது. ஆகவே பொருள் தரமற்றது என்று சொல்ல இயலவில்லை. குழிகள் பெரும்பாலும் குழாயின் அடிப்பகுதியில், கருநிறப் படிவுக்குக் கீழே உள்ளன; வளைவுகளில் ஒன்றுமில்லை. 70–30 கலவைக்கோ அலுமினிய வெண்கலத்துக்கோ மாறிவிடலாம் என்று எங்களிடையே ஒரு கருத்து நிலவுகிறது. அது சரியான முடிவா?

ஆக்சைடு எழுதுகிறார்:

மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: அழுத்தச் சோதனைக்கு நிரப்பிய நீரை என்ன செய்தீர்கள்?

இந்தக் கலவை அரிமானத்தைத் தாங்குவது அதன் மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய படலத்தால்தான். அந்தப் படலத்தின் பெரும்பகுதி குப்ரஸ் ஆக்சைடு, அதாவது செம்பின் ஓர் ஆக்சைடு. நிக்கலும் இரும்பும் அதில் சேர்ந்து அதை மேலும் இறுகச் செய்கின்றன. தூய்மையான, ஆக்சிஜன் கலந்த கடல்நீர் ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே படலம் தோன்றிவிடும் என்றாலும், மிதமான வெப்பநிலையில் அது முழுமையாக முதிர்வதற்கு இரண்டு மூன்று மாதங்கள் பிடிக்கும்; நீர் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் விரைவாக முதிரும். அந்தக் காலத்தில் நீர் தேங்கி நின்றால், அதிலுள்ள உயிர்ப்பொருள்கள் அழுகி ஆக்சிஜன் தீர்ந்துபோக, சல்பேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் சல்பைடை உண்டாக்கும். அப்போது ஆக்சைடுக்குப் பதிலாகக் கருநிறமான, பொருபொருப்பான செம்பு சல்பைடு படிகிறது. பின்னர் நல்ல நீரைப் பாய்ச்சும்போது அந்தப் படிவுக்கு அடியில் தாக்குதல் வேகமெடுக்கும்.

நீரோட்டத்தின் வேகத்தால் வரும் அரிப்பாக இருந்திருந்தால் வளைவுகளிலும் குழாயின் நுழைவாயிலிலும் குதிரைக் குளம்பு பதிந்தாற்போன்ற தடங்கள், கருநிறப் படிவு ஏதுமின்றிப் பளபளப்பாகத் தெரிந்திருக்கும். அவை இல்லை என்பதிலிருந்தே சந்தேகம் தேங்கிய நீரின்மீது விழுகிறது.

வார்ப்படம் எழுதுகிறார்:

மாற்றுப் பொருள்கள் பற்றி மட்டும் சொல்கிறேன். 70–30 கலவை வலிமையிலும், தாங்கும் நீரோட்ட வேகத்திலும் ஒரு படி மேலானது. ஆனால் வெப்பம் கடத்தும் திறன் 90–10 கலவையில் மீட்டர்–கெல்வினுக்கு ஏறத்தாழ 40 வாட் என்றால், 70–30 கலவையில் 29 அளவுக்கு இறங்கிவிடும். விலையும் நிக்கலின் அளவோடு கூடும். சல்பைடு மாசு என்று வந்துவிட்டால் அதுவும் தப்பாது. மணல் கலந்த நீர்தான் தொல்லை என்றால், 30 விழுக்காடு நிக்கலுடன் இரும்பும் மாங்கனீசும் தலா 2 விழுக்காடு சேர்ந்த வகையைத் தேர்ந்தெடுப்பார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் அதற்கு இடமுண்டு.

நிக்கல்–அலுமினிய வெண்கலம் வேறு வேலைக்கு உரியது. அலுமினியம் 9, நிக்கல் 5, இரும்பு 4 விழுக்காடு என்ற அளவை ஒட்டிய அந்தக் கலவை வார்ப்புக்கு ஏற்றது; நீர்க்குமிழிகள் வெடித்து உண்டாக்கும் அரிப்பை நன்கு தாங்கும். அதனால்தான் கப்பல்களின் உந்துசுழலிகள், பம்புகளின் சுழலிகள், வால்வு உடல்கள் ஆகியவை அதில் வார்க்கப்படுகின்றன. 90–10 குழாயோடு அந்த வெண்கலப் பம்பை இணைப்பதில் மின்வேதிச் சிக்கல் பெரிதாக எழாது. குழாய் முழுவதையும் அதில் செய்ய நினைப்பது வீண் செலவு.

குளிர்நீர் எழுதுகிறார்:

ஆக்சைடு அவர்களின் ஐயம் சரியே. சோதனை முடிந்த பின் நீரை வடிக்கவில்லை. மற்றப் பணிகள் நீண்டதால் அது பல வாரங்கள் குழாயிலேயே நின்றுவிட்டது. இனி என்ன செய்யலாம்? காத்தோடு பாதுகாப்பு (மின்னோட்டம் செலுத்தி அரிமானத்தை அடக்கும் முறை) அமைத்தால் போதுமா?

ஆக்சைடு எழுதுகிறார்:

குழி ஆழமாக உள்ள துண்டுகளை வெட்டி மாற்றிவிடுங்கள். மற்றவற்றில் படிவை மென்மையான நைலான் தூரிகையாலோ கடற்பஞ்சுப் பந்துகளாலோ முழுவதும் நீக்கிய பின்னரே புதிய படலம் உருவாக வழி உண்டு; எஃகுத் தூரிகை வேண்டாம். பிறகு தூய நீரைத் தொடர்ந்து ஓட விடுங்கள். துறைமுகக் கழிவு கலந்த நீரைத் தவிர்க்க முடியாத அமைப்புகளில் இரும்பு உப்பான ஃபெரஸ் சல்பேட்டைச் சிறிதளவு கலந்து விடுவது பழைய, பயன் தந்த வழக்கம். நிறுத்தி வைக்க நேர்ந்தால், ஓரிரு நாட்களைத் தாண்டும்போது நீரைப் புதுப்பிக்க வேண்டும். நெடுங்காலமென்றால் வடித்து உலர்த்திவிட வேண்டும்.

காத்தோடு பாதுகாப்பைப் பொறுத்தவரை, நீண்ட குழாயின் உட்புறத்தில் அதன் வீச்சு குழாய் விட்டத்தின் சில மடங்கு தூரம்தான். மேலும், செம்பின் மேற்பரப்பில் சிப்பிகளும் கொட்டலசுகளும் எளிதில் ஒட்டாத இயல்பு, செம்பு அயனிகள் சிறிதளவு வெளியேற முடியும்போதுதான் நன்கு நிலைக்கிறது. பாதுகாப்பு மின்னோட்டம் அதை அடக்கிவிடுகிறது. கடலடி அமைப்புகளின் கால்களில் இந்த உலோகத் தகட்டைப் போர்த்தும்போது எஃகிலிருந்து மின்காப்புச் செய்து பொருத்துவதற்கும் இதுவே காரணம்.

இணைப்பு எழுதுகிறார்:

துண்டு மாற்றும்போது வெல்டிங்கில் ஒரு எச்சரிக்கை. 90–10 குழாய்க்கும் 70–30 நிரப்புக் கம்பியைத்தான் பயன்படுத்த வேண்டும். பற்றவைத்த இடம் தாய் உலோகத்தைவிடச் சற்று உயர்குணமுடையதாக, அதாவது எளிதில் அரிக்கப்படாததாக, இருந்தால் தாக்குதல் அதன்மீது குவியாது. முன்சூடாக்குவதும் பின்வெப்பமூட்டுவதும் தேவையில்லை. எண்ணெய், வண்ணப்பூச்சு, அடையாளமிட்ட சுண்ணக்கட்டி ஆகியவற்றில் கந்தகமோ ஈயமோ இருந்தால் பற்றவைத்த இடத்தில் விரிசல் விழும் என்பதால், விளிம்புகளைக் கழுவித் துடைத்த பிறகே பற்றவைக்கவும். அருகில் டைட்டானியம் வெப்பப் பரிமாற்றி ஏதேனும் இருந்தால், இடையில் மின்காப்பு கொண்ட ஃபிளாஞ்சு (குழாய்களை இணைக்கும் விளிம்புத் தட்டு) வைத்திருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.