டிகம்பைலர்: நிரல்மீட்பியா, நிரல்விரிப்பியா?

அனைவருக்கும் வணக்கம். மூல நிரலைக் கணினி ஓட்டும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர், அதாவது தொகுப்பி. அந்தக் கட்டளைகளிலிருந்து மனிதர் படிக்கும் நிரலை எழுதித் தருவது டிகம்பைலர். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> மீள்தொகுப்பி என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. படிப்பவர் இன்னொரு முறை தொகுப்பது என்றுதான் எடுத்துக்கொள்வார். ரீகம்பைல் செய்வதற்கு அந்தச் சொல் நாளைக்கே தேவைப்படும்.

> அப்படியானால் நிரல்மீட்பி?

சொல் அழகாக இருக்கிறது, ஆனால் நடக்காததைச் சொல்கிறது. நாம் எழுதிய நிரல் அப்படியே மீள்வதில்லை. "மொத்தம்" என்று பெயர் வைத்த மாறி, பெயர்களைக் காத்து வைக்கும் பிழைதிருத்தத் தகவல் இல்லாமல் தொகுத்த கோப்பைக் கிட்ரா என்ற டிகம்பைல் கருவியில் திறந்தால் "லோக்கல்_சி" போன்ற ஏதோ ஒரு பெயரில் வந்து நிற்கும். இடையில் எழுதிய குறிப்புகள் போனது போனதுதான்.

கருவி செய்வது வேறு. நினைவகத்திலிருந்து மதிப்பை எடு, 1 கூட்டு, அதே இடத்தில் வை என மூன்று கட்டளைகள் அடுத்தடுத்து வந்தால், இலக்கண விதி ஒன்று அவற்றைச் சேர்த்து ஒரே கூற்றாக வாசிக்கிறது. தொகுப்பி எந்த விதியால் அவற்றை உருவாக்கியதோ, அதே விதியைத் தலைகீழாகப் படிப்பதுதான். பின்னோக்கித் தாவும் கட்டளை வந்தால் அங்கே ஒரு மடக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதி. ஆனால் மடக்கை எழுதும் இரு வடிவங்களில் அது ஃபாரா (for), வைலா (while)? இரண்டும் பெரும்பாலும் ஒரே கட்டளைகளாகத்தான் இறங்குகின்றன. எது பொருந்துமோ அதைக் கருவி தேர்ந்தெடுக்கிறது.

இது நமக்குப் புதிதல்ல. "பொன்மணி" என்றால் பொன்னாலாகிய மணியா, பொன்னோடு சேர்ந்த மணியா, பொன்னும் மணியுமா? தொகைகள் இப்படி இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கும் என்கிறது நன்னூல். மறைந்து நிற்கும் உருபை இடம் பார்த்து விரிப்பதைப் பள்ளியிலேயே செய்திருக்கிறோம். கம்பைலர் தொகுப்பி என்றால், தொகைக்கு எதிர் விரிதானே! ஆகவே என் பரிந்துரை நிரல்விரிப்பி, வினையாக, நிரல்விரித்தல்.

கிறிஸ்டினா சிஃபுவென்டஸின் 1994ஆம் ஆண்டு முனைவர் ஆய்வில் உருவான டிசிசி என்ற டிகம்பைலர், 80286 சில்லுக்கான டாஸ் இயங்குதள நிரல்களைச் சி மொழியில் எழுதித் தந்தது. அது தந்ததும் மூலம் அல்ல, ஒரு விரிவு.

வெறும் "விரிப்பி" போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கி வைத்த ஜிப் (zip) கோப்பை விரிப்பதோடு குழம்பும், அதனால் "நிரல்" முன்னால் இருக்கட்டும். டிசசெம்பிளரை இதில் சேர்க்க வேண்டாம். அது கணினிக் கட்டளைகளை ஒவ்வொன்றாக, அவற்றின் எழுத்து வடிவமான அசெம்பிளியாக மாற்றுவதோடு சரி, அங்கே தொகையும் இல்லை விரியும் இல்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கம்பைலரை நிரல்பெயர்ப்பி என்று எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொகை–விரி இணை கண்ணில் படாது. அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.