பல்லாஸ் பூனையை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

லடாக் போகிறவர்கள் எல்லாரும் பனிச்சிறுத்தையைத் தேடுகிறார்கள். எனக்கு அங்கே ஹான்லேயில் பல்லாஸ் பூனை (வீட்டுப் பூனை அளவில் இருக்கும் ஒரு காட்டு இனம்) கண்ணில் பட்டது, அதுவே போதும். 4,200 மீட்டருக்கு மேலே, மே மாதத்திலும் விடியற்காலையில் விரல் மரத்துப்போகும் ஊர். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி ஒரு பாறையைக் காட்டினார். வெறும் பாறைதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதன் பின்னாலிருந்து ஒரு நெற்றியும் இரண்டு கண்களும் எழுந்தன. காது தலையின் பக்கவாட்டில் தாழ்ந்திருப்பதால் எட்டிப் பார்க்கும்போது அது துருத்திக்கொண்டு தெரிவதில்லை. கண்மணி வட்டம்; வீட்டுப் பூனைக்கு இருக்கும் கீறல் இல்லை. பார்க்கத்தான் குண்டு. எடை 5 கிலோவைத் தாண்டாது, மீதியெல்லாம் முடி.

ஓட்டத்தில் சுமார். அதனால் ஆபத்து என்றால் தரையோடு அப்பிக்கொள்ளும். மேலே கழுகு வட்டமிட்டபோது அதைக் கண்ணாரப் பார்த்தேன்: தாடை மண்ணில் படிந்தது, வால் உடம்போடு ஒட்டிக்கொண்டது, அப்புறம் அங்கே பூனையே இல்லை! கழுகிடம் எடுபடும் இந்த வித்தை தெருநாய்க் கூட்டத்திடம் எடுபடாது. எங்களிடமும்தான். அடுத்தடுத்து வண்டிகள் வந்து சூழ்ந்ததும் வேட்டையை விட்டுவிட்டு அப்படியே கிடந்தது. "பயமே இல்லாம போஸ் குடுக்குது பாருங்க" என்றார் பக்கத்து வண்டிக்காரர். நாங்கள் கிளம்பிவிட்டோம்.

*

நான் பார்த்தது பூனை இல்லை, மலை வீசல். கீரியைச் சுருக்கிய மாதிரி நீள உடம்பு, எடை சில நூறு கிராம்தான். லே பக்கம் ஒரு கல் சுவரில், கிட்டத்தட்ட தன் பருமனே இருந்த பைகாவைக் கழுத்தில் கவ்விப் பின்னோக்கி இழுத்தது. பைகா என்பது வாலில்லாத குட்டி முயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் இடுக்கில் இரை சிக்கியது. விட்டுவிட்டு உள்ளே போய், இன்னொரு ஓட்டை வழியாக வந்து, தலையைத் திருப்பி மறுபடி இழுத்தது. சரியான பிடிவாதக்காரி (ஆணா பெண்ணா, யார் கண்டது).

*

நான் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்தும் பார்க்கவில்லை. 2019இல் அந்தப் பகுதியில் 5,000 மீட்டருக்கு மேல் கிடைத்த மலத்தின் டிஎன்ஏவை வைத்துத்தான் பல்லாஸ் பூனை அங்கே இருப்பதையே உறுதி செய்தார்கள். அதனால் பெரிய வருத்தமில்லை. ஹான்லே நண்பருக்கு: குட்டிகளைப் பார்த்திருந்தால் படம் போடுங்கள், இடத்தை மட்டும் எழுத வேண்டாம்.