கண்ட்ரோல் சார்ட்: ‘சீர்நிலை வரைபடம்’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கோவையில் பம்பு உறைகள் வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றில் தரப் பிரிவில் இருக்கிறேன். கண்ட்ரோல் சார்ட் (குறைகளின் எண்ணிக்கை போன்றவற்றை நாள்தோறும் புள்ளியாகக் குறித்து, மேலும் கீழும் எல்லைக்கோடு போட்டுப் பார்க்கும் படம்) பற்றி எங்கள் ஆட்களுக்குத் தமிழில் கையேடு எழுத உட்கார்ந்து, முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

‘கட்டுப்பாட்டு வரைபடம்’ என்றதும், கோட்டைத் தாண்டினால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றே எல்லோரும் எண்ணுகிறார்கள். அந்தக் கோடு யாரும் இட்ட கட்டளையா என்ன? 50 உறைகளுக்குச் சராசரியாக 9 ஊதுதுளைகள் (வார்ப்பில் வாயு அடைபட்டு உண்டாகும் துளைகள்) விழுகின்றன என்று கொள்வோம். 9இன் வர்க்கமூலம் 3, அதன் மும்மடங்கு 9. அதைச் சராசரியோடு கூட்டினால் மேல்கோடு 18, கழித்தால் கீழ்க்கோடு 0. பட்டறையின் பழைய கணக்கே தந்த எண்கள் இவை. வாடிக்கையாளர் டிராயிங்கில் கேட்டதற்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. ஒருநாள் 14 வந்தால் அது வழக்கமான ஏற்ற இறக்கம்தான். ஆனால் 14ஐக் கண்டதும் வார்ப்பு அச்சு மண்ணில் ஈரத்தைக் குறைக்கிறார்கள், மறுநாள் 5 என்றால் கூட்டுகிறார்கள். திருகத் திருக ஏற்ற இறக்கம் இன்னும் கூடுகிறது.

1924 மே மாதம் இந்தப் படத்தை முதலில் வரைந்த அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட், 1931 நூலில் ‘கண்ட்ரோல்’ என்பதற்குத் தந்த பொருளே வேறு. பட்ட அனுபவத்தைக் கொண்டு, இனி எவ்வளவு மாறும் என்று ஓர் எல்லைக்குள் முன்கூட்டிச் சொல்ல முடியவேண்டும். அவ்வளவுதான்.

அதனால் ‘சீர்நிலை வரைபடம்’ என்கிறேன். கோடுகள் ‘சீர்நிலை வரம்பு’, டிராயிங்கில் உள்ளது ‘ஏற்பு வரம்பு’. புள்ளி 18ஐத் தாண்டினால் ‘சீர்குலைவு’: புது மண் லோடு வந்ததா, மண்ணைப் பிணைக்கும் பைண்டர் மாறியதா என்று தேட வேண்டிய நேரம். இந்தச் சொல் நம்மிடம் முன்பே இருந்தது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இன்னொன்று. ஓர் உறையில் மூன்று துளை இருந்தால் குறை மூன்று, குறைப்பொருள் ஒன்று. இரண்டுக்கும் வரைபடம் வேறு, கணக்கும் வேறு. இரண்டையும் ‘ரிஜெக்‌ஷன்’ என்றே எழுதிவைத்தால் எந்தப் படமும் பயன்படாது.

---

மறுமொழி:

ஐயா, ‘சீர்குலைவு’ அருமை. ஆனால் நாள்தோறும் 9 துளை விழுவதைச் ‘சீர்நிலை’ என்றால், எல்லாம் நலம் என்று ஆகிவிடாதா? ‘இயல்பு வரம்பு’ எளிதாக இருக்குமே.

---

மறுமொழி:

அம்மா, ‘இயல்பு’ எனக்கும் முதலில் தோன்றியதுதான். ஆனால் ‘இயல்நிலைப் பரவல்’ (நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்) என்று புள்ளியியலில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. துளைகளின் எண்ணிக்கையோ பாய்சான் பரவல் என்ற வேறொரு வகையைச் சேர்ந்தது. படிப்பவர்கள் குழம்புவார்கள்.

‘சீரான வேகம்’ என்கையில் வேகம் அதிகமா குறைவா என்று நாம் சொல்வதில்லை. இருந்தாலும் உங்கள் ஐயம் நியாயமானது. கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதைச் சேர்க்கிறேன்: “சீர்நிலை என்றால் குறையே இல்லை என்று பொருளல்ல. 9ஐ 4 ஆக்க வேண்டுமானால், வார்க்கும் முறையையே மாற்ற வேண்டும்.”