‘மண்வீடு’ வேண்டாம், ‘வேர்மண் வீடு’ வைப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

தென் அமெரிக்காவில் பொலிவியாவின் ஒரூரோ பகுதியில் வாழும் ச்சிப்பாயா மக்களைப் பற்றிய கட்டுரையில், அவர்கள் வீட்டுக்கு ‘மண்வீடு’ என்றும் வயலில் நீரைத் தேக்கும் முறைக்கு ‘வெள்ளப்பாசனம்’ என்றும் சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

மண்வீடு என்றதும் நமக்கு நினைவு வருவது மண்ணைக் குழைத்து மிதித்துச் சுவர் வைப்பது. அவர்களுடைய மரபு வீட்டுக்கு அப்படிக் குழைத்துச் சுவர் வைப்பதில்லை. புல் அடர்ந்த ஈரத் தரையை வேரோடு கட்டி கட்டியாக வெட்டியெடுத்து வட்டமாக அடுக்குகிறார்கள், கட்டி உதிராமல் பிடித்து வைப்பது அந்த வேர்ப்பின்னல்தான். ‘புத்துகூ’ என்கிற வீட்டில் கூரைகூட இதே கட்டிதான், மேலே போகப் போக வட்டம் குறுகிக் கூம்பாக மூடிக்கொள்ளும். கதவு கள்ளிக் கட்டையில். மரமே அரிதான, சுமார் 3,700 மீட்டர் உயரத்து வெட்டவெளியில் வேறு எதை வைத்துக் கட்டுவது?

செடியை இடம் மாற்றும்போது ‘தாய்மண்ணோடு எடு’ என்கிறோம் இல்லையா, அதேதான் இது. ஆனால் தாய்மண் என்றால் இன்று சொந்த நாடு என்றே படிப்பார்கள். அதனால் ‘வேர்மண் கட்டி’, ‘வேர்மண் வீடு’. ‘புல்வீடு’ சரிவராது, புல் வேய்ந்த குடிசை என்றாகிவிடும்.

அப்புறம் பாசனம். லௌக்கா ஆறு கோய்ப்பாசா உப்புவெளியில் போய் முடிகிறது, சுற்றியுள்ள நிலமெல்லாம் உப்பு. இவர்கள் வாய்க்கால் வெட்டி ஆற்றைத் திருப்பி, விதைக்கப்போகும் நிலத்தை மாதக்கணக்கில் மூழ்க வைக்கிறார்கள்; உப்பு கரைந்து வண்டல் படிந்ததும் நீரை வடித்துவிட்டு கினோவா என்ற தானியத்தை விதைக்கிறார்கள். பயிருக்குப் பாய்ச்சுவது பாசனம். இது பயிருக்கு முன்னால் நிலத்தைக் கழுவுவது. ‘உவரலசல்’ என்று வைக்கலாம், களர் நிலம் வைத்திருப்பவர்களிடம் ‘உப்பை அலசிவிடு’ என்று சொன்னால் உடனே புரியும்.

வெள்ளம் என்ற சொல்லில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. வெள்ளம் தானாக வந்து ஊரை அழிப்பது. தங்களை நீரின் மக்கள் என்றே சொல்லிக்கொள்கிறவர்கள், ஊர்கூடிக் கரை கட்டி அளந்து விடும் தண்ணீரை அப்படிச் சொன்னால், அவர்கள் வேலையை இயற்கையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

புத்துகூவை மொழிபெயர்க்காமல் அப்படியே விடுவோம். ச்சிப்பாயா என்பதில் முதல் ‘ச்’ மரபு மீறல்தான், ஆனாலும் இருக்கட்டும், ‘சிப்பாய்’ என்று படித்துவிடக் கூடாது.

‘உவரலசல்’ பேசும்போது நாக்கில் இடறுகிறதா? உரக்கச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.